வகுப்புக் குழுவுக்கு ஏன் பூட்டு?

பாடநூல், சீருடை, அடையாள அட்டை ஆகியவற்றோடு கல்வியாண்டின் தொடக்கத்தில் இன்னொன்றும் மாணவர் கைக்கு வந்துவிடுகிறது: வகுப்பு வாட்ஸ்அப் குழு. வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை, ‘நாளைக்கு ஸ்கூல் உண்டா மிஸ்?’ என்கிற மழைநாள் கேள்வி எல்லாம் அதில்தான். பாடத்தைப் பற்றிய பேச்சும் அதில்தான் நடக்க வேண்டும். ஆனால், முதல் சண்டை வந்தவுடனேயே பல குழுக்கள் ‘அட்மின் மட்டும்’ என்று பூட்டப்படுகின்றன. அதன் பிறகு அது அறிவிப்புப் பலகை. மாணவர்களின் பேச்சு நிற்பதில்லை. ஆசிரியர் இல்லாத வேறொரு குழுவுக்குக் குடிபோகிறது. அங்கே யார் இருக்கிறார்கள், யாரைச் சேர்க்கவில்லை, யாரைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பது பள்ளிக்குத் தெரிவதில்லை.

இணையத்தில் சக மாணவரோடு எப்படிப் பேசுவது என்பதற்கான விதிகளை, சண்டைக்கு முன்பே மாணவர்களையும் உட்காரவைத்து எழுதிவிட்டால் பூட்டுக்கு வேலை குறையும். இதற்குப் பணம் வேண்டியதில்லை, புதிய செயலி வேண்டியதில்லை. ஒரு பாடவேளையும், அந்த நேரத்தில் மாணவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் ஓர் ஆசிரியரும் போதும்.

போன் வந்துவிட்டது, பழக்கம் வரவில்லை

2020 மார்ச்சில் பொதுமுடக்கம் தொடங்கியபோது வகுப்பறை கைபேசிக்குள் நுழைந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. வசதியுள்ள தனியார் பள்ளிகள் ஜூம், கூகுள் மீட் என்று போயின. அந்த ஆண்டு ஜூலையில் மத்திய அரசு ‘பிரக்யாதா’ என்ற வழிகாட்டியை வெளியிட்டது. எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு இரண்டு அமர்வுகள், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்று அது அளவு வகுத்தது. பிறகு பள்ளிகள் திறந்தன, ஜூம் வகுப்புகள் ஓய்ந்தன. குழுக்கள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன. ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்துக்குக் காட்டிய அக்கறையை, பாடம் முடிந்த பின்பு மாணவர்கள் தங்களுக்குள் பேசும் நேரத்துக்கு யாரும் பெரிதாகக் காட்டவில்லை.

இது நகரத்துப் பிள்ளைகளின் பிரச்சினை என்று ஒதுக்கவும் முடியாது. ஊரகக் குழந்தைகளிடம் நடத்தப்படும் ‘அசர்’ ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாடு முழுவதும் கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயது வரையுள்ளவர்களில் 82 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரியும். முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம்; சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். சமூக ஊடகத்தைப் பயன்படுத்துவோரில் தொல்லை தருபவரைத் தடுக்கவோ புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 சதவீதம்தான். மீதிப் பேர் அடி விழுந்தால் எப்படித் தடுப்பது என்று தெரியாமலேயே அந்தக் களத்தில் நிற்கிறார்கள்.

இரவு எட்டு மணிக் கேள்வி

எந்தப் பள்ளியிலும் நடக்கக்கூடிய ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளலாம். பதினொன்றாம் வகுப்புக் குழு. இரவு எட்டு மணி. ‘ஓடும் பஸ் சட்டென்று நின்றால் நிற்கிறவர்கள் ஏன் முன்னால் சாய்கிறார்கள்? உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள்’ என்று கேட்கிறார் இயற்பியல் ஆசிரியர். வகுப்பில் அதிகம் வாய் திறக்காத மாணவி ஒருவர் தங்கிலீஷில் நான்கு வரி தட்டி அனுப்புகிறார். விடை பாதி சரி. நிலைமத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் விசையைச் சொல்லிவிட்டார். அந்த ‘ஃபோர்ஸ்’ என்ற சொல்லிலும் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று.

பத்து விநாடிக்குள் ஒரு சிரிப்பு எமோஜி. அதன் மேல் இன்னும் நான்கு. ஒரு மாணவன் வடிவேலு ஸ்டிக்கரை விடுகிறான். இன்னொருவன் அந்த நான்கு வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் வைக்கிறான். குழுவில் இருக்கும் நாற்பது சொச்சம் பேரில் பெரும்பாலானோர் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் எதுவும் எழுதவில்லை. ஒன்பது மணிக்கு ஆசிரியர் வந்து பார்க்கும்போது அந்த மாணவி குழுவைவிட்டு வெளியேறிவிட்டார் என்ற வரி, அட்மின் என்பதால் அவருக்கு மட்டும் தெரிகிறது. மற்றவர்களுக்கு அதுகூடத் தெரியாது.

அந்தப் பையன்கள் கெட்டவர்கள் இல்லை. இதே விடையை அந்த மாணவி வகுப்பில் எழுந்து நின்று சொல்லியிருந்தாலும் யாரேனும் சிரித்திருப்பார்கள். ஆனால், அவர் முகம் சிறுத்துப்போவதைப் பார்த்திருப்பார்கள். பக்கத்தில் இருக்கும் தோழி முறைத்திருப்பார். ஆசிரியர் ‘ஏய், சும்மா இரு’ என்று ஒரு சொல்லில் முடித்து, ‘நீ சொல்லும்மா’ என்று அவர் பக்கம் திரும்பியிருப்பார். மணி அடித்தால் சிரிப்பும் முடிந்துவிடும். குழுவில் முகம் தெரியாது, மணி அடிக்காது, சிரிப்பு அழியாமல் அங்கேயே கிடக்கும். திரைக்குப் பின்னால் மனிதர்களின் கட்டுப்பாடு தளர்வதைப் பற்றி ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004இலேயே விரிவாக எழுதினார். எதிரிலிருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை என்பதை அதற்கான காரணங்களில் ஒன்றாக அவர் சொன்னார்.

‘சும்மா கலாய்ச்சேன் சார், அவளுக்கும் தெரியும்’ என்பது பிறகு வரும் வழக்கமான பதில். பல நேரங்களில் அது உண்மையான நம்பிக்கையும்கூட. அமெரிக்க உளவியலாளர்கள் ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைச் சோதித்தது. மாணவர்கள் சில வாக்கியங்களைக் கேலியாகவும் சிலவற்றை உண்மையாகவும் இன்னொருவருக்குத் தெரிவித்தார்கள். எது கேலி, எது உண்மை என்பதை எதிராளி 78 சதவீதம் சரியாகப் பிடித்துவிடுவார் என்று மின்னஞ்சலில் எழுதியவர்கள் நம்பினார்கள். நடந்தது 56 சதவீதம். காசு சுண்டிப்போட்டுச் சொன்னாலே பாதி சரியாகிவிடும் என்பதை நினைத்தால், எழுத்தில் தொனி எவ்வளவு கொஞ்சம் போய்ச் சேர்கிறது என்று புரியும். அதையே குரலில் சொன்னபோது 73 சதவீதம் சரியாகப் பிடித்தார்கள். விளையாட்டுக்குச் சொன்னது விளையாட்டாகவே போய்ச் சேரும் என்று எழுதியவர் நினைப்பது தவறு என்பதை மாணவர்களுக்கு விளக்க இந்த ஓர் உதாரணமே போதும். வகுப்பிலேயே பத்து நிமிடத்தில் இதைச் செய்து காட்டவும் முடியும்.

பூட்டினால் இழப்பு யாருக்கு?

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், 13ஆம் நூற்றாண்டில், கல்வியில் எதிலிருந்து எவ்வளவு கிடைக்கும் என்று பாயிரத்தில் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் கிடைக்கும். உடன் படிப்பவர்களோடு பழகிப் பயிலும்போது இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், பூட்டிய குழுவில் ஓடுவது அந்த முதல் கால் பங்கு மட்டும்தான். மாணவர் மாணவரிடம் கேட்பதும், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் வெளியே நின்றுவிடுகின்றன.

ஆசிரியர்கள் பூட்டுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறு வகுப்பு எடுத்துவிட்டு, இரவில் நான்கு குழுக்களைப் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. இன்னொரு காரணம் பயம். ‘யாரோ எதையோ போட்டால் அட்மின் மேல்தானே கேஸ் வரும்’ என்பது ஆசிரியர் அறைகளில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. இந்தப் பயத்துக்குச் சட்டத்தில் அவ்வளவு அடிப்படை இல்லை. கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றைப் பற்றிய வழக்கில், குழுவின் அட்மினாக இருந்ததைத் தவிர வேறெந்தப் பங்கும் இல்லையென்றால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையிலிருந்து நீக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2021 டிசம்பரில் சொன்னது. உறுப்பினர் போடும் பதிவுக்கு அட்மினைப் பொறுப்பாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றமும் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. கண்ணெதிரே நடக்கும் தவறைப் பார்த்தும் ஆசிரியர் சும்மா இருக்கலாம் என்பது இதற்குப் பொருள் ஆகாது. குழுவைத் திறந்து வைத்திருப்பது மட்டுமே குற்றமாகிவிடாது என்பதுதான் பொருள்.

யார் பேசவில்லை?

மரியாதை என்றவுடன் திட்டாமல் இருப்பது மட்டுமே நினைவுக்கு வருகிறது. குழுவில் ஒரு வார்த்தைகூட எழுதாத பிள்ளைகளைப் பார்த்தால்தான் மரியாதைக் குறைவு வேறு எந்தெந்த வழிகளில் வருகிறது என்பது தெரியும்.

முதலில் மொழி. ஆங்கிலத்தில் எழுதினால் பிழைக்குச் சிரிப்பார்கள். தமிழில் எழுதினால் ‘என்ன, தமிழ் மீடியமா?’ என்பார்கள். இரண்டுக்கும் பயந்து வாய்மூடி இருக்கும் மாணவர் எல்லா வகுப்பிலும் உண்டு. அடுத்து, போன். பல வீடுகளில் ஒரு போன்தான். அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பின்பு, அக்காவும் தம்பியும் பார்த்த பின்பு கைக்கு வருவது. அந்த மாணவர் குழுவைத் திறக்கும்போது 140 செய்திகள் குவிந்திருக்கும், விவாதம் முடிந்திருக்கும். ‘ப்ளூ டிக் வந்துச்சு, ஏன் ரிப்ளை பண்ணல?’ என்று கேட்பவருக்கு, அந்த ப்ளூ டிக்கை விழவைத்தது அவருடைய அம்மா என்பது தெரியாது.

பெண் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தாலே அவர் எண் எல்லோர் கைக்கும் போய்விடுகிறது. பாடச் சந்தேகம் என்று தொடங்கும் தனிச்செய்தி, ‘டிபி நல்லாருக்கு’ என்று மாறி, பதில் போடாவிட்டால் ‘ரொம்ப சீன் போடாத’ என்று முடிகிற கதைகளைக் கேட்டுக் கேட்டுச் சில பெற்றோர் மகளைக் குழுவிலேயே சேர்ப்பதில்லை. பையன்களின் நடத்தைக்கு அவர் தன் படிப்பைக் கொடுத்து விலை செலுத்துகிறார். கூகுள் கிளாஸ்ரூம் போன்ற தளத்தில் மின்னஞ்சல் கணக்கு இருந்தாலே போதும், போன் எண் வெளியே போகாது. முடிகிற பள்ளிகள் கலந்துரையாடலை அங்கே வைத்துக்கொண்டு, அறிவிப்புக்கு மட்டும் வாட்ஸ்அப்பை வைத்துக்கொள்வது நல்லது.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர் ஒருவர் வகுப்பில் இருந்தால், கையால் எழுதி போட்டோ எடுத்துப் போடும் விடைகள் அவருக்கு வெறும் ‘படம்’ என்றுதான் வாசித்துக் காட்டப்படும். கேட்கும் திறன் குறைந்தவருக்கு மூன்று நிமிட வாய்ஸ் நோட் அதே கதை. படத்துக்குக் கீழே ஒரு வரி, குரலோடு ஒரு வரி என்று தட்டுவதற்கு அரை நிமிடம் ஆகும்.

கயிறு போய் ஸ்டேட்டஸ் வந்தது

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சைச் சாதியைத் தொடாமல் முடிக்க முடியாது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த பட்டியலின மாணவர் ஒருவரை, அவருடன் ஒரே பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. சாதியைச் சொல்லிச் சீண்டியதைப் பற்றி அந்த மாணவர் பள்ளியில் முறையிட்ட பின்பு நடந்த தாக்குதல் அது. அரிவாளுக்கு முன்னால் வார்த்தைகள் வந்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

அதையடுத்துத் தமிழக அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்றவற்றால் சாதியைக் காட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கையிலிருந்து கயிற்றை அவிழ்த்துவிடலாம். அதே நிறம் ஸ்டேட்டஸில் இதய எமோஜியாக வந்தால்? சாதிப் பெருமைப் பாட்டு முப்பது விநாடித் துணுக்காக வந்தால்? வகுப்புக்குள் தனியே ஒரு குழு தொடங்கி, அதில் ‘நம்ம ஆளுங்க’ மட்டும் என்று வைத்துக்கொண்டால்? பள்ளி வாசலில் நின்று கயிற்றைச் சோதிக்கும் ஆசிரியருக்கு இது கண்ணில் படாது. சக மாணவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் பயமில்லாமல் வந்து சொல்ல ஓர் இடம் வேண்டும்.

சட்டமும் இங்கே தயங்குவதில்லை என்பதை மாணவர்களுக்கு நேரடியாகச் சொல்லிவிட வேண்டும். பட்டியலினத்தவரையோ பழங்குடியினரையோ பொதுப்பார்வையில் படும்படி சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். ஜூனியர்களைத் துன்புறுத்த சீனியர்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுக்களும் ராகிங் கணக்கில்தான் வரும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் கல்லூரிகளுக்கு அறிவுறுத்தியது. சக மாணவியின் படத்தை ஆபாசமாக மாற்றி அனுப்புவது விளையாட்டின் எல்லையைத் தாண்டிப் போக்சோ, தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஆகியவற்றின் கீழ் போய்விடும். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் தராமல் இருப்பதே போக்சோவில் தண்டனைக்குரியது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று அதைத் தலைமையாசிரியர் அறையிலேயே ‘பேசி முடிக்க’ யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால், சாதி, மதம், அரசியல் பற்றிய பேச்சே குழுவில் கூடாது என்று ஒரே வரியில் தடை போடுவது தப்பு. சமூக அறிவியல் பாடத்தில் தீண்டாமையைப் பற்றி ஒரு மாணவர் கேள்வி கேட்டால் அதைப் பேசித்தான் ஆக வேண்டும். தடுக்க வேண்டியது எங்கிருந்தோ வரும் ஃபார்வர்டுகளையும், ஆளைக் குறிவைத்த வார்த்தைகளையும்தான்.

விதி எப்படி இருக்க வேண்டும்?

‘அனைவரும் மரியாதையாகப் பேசவும்’ என்று எழுதி வைப்பதில் பயனில்லை. எது மரியாதை என்பதில்தான் பிரச்சினையே. விதியைப் படித்ததும் பதின்ம வயதுப் பையனுக்கு ‘ஓ, இதைச் செய்யக் கூடாதா’ என்று கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று தெரிய வேண்டும்.

இதற்கு நல்ல மாதிரி வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது: பட்டிமன்றம். எதிரணியைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். ஆனால் பேச்சைத் தொடங்குவது ‘நடுவர் அவர்களே’ என்று. முந்தியவர் சொன்ன கருத்தை எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் அதை மறுப்பார்கள். மணி அடித்தால் உட்கார்ந்துவிடுவார்கள். ஊர்த் திருவிழாவில் இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, மறுப்பதும் அவமதிப்பதும் வேறு வேறு என்பது புதிய பாடம் ஆகாது. இதையே குழுவுக்குக் கொண்டுவரலாம். மறுக்கிறவர், யாருடைய எந்தக் கருத்தை மறுக்கிறார் என்று ஒரு வரி எழுதிவிட்டு மறுக்கட்டும். ‘நீ சொன்னதுல விசைன்னு வர்ற இடம் எனக்குச் சரியாப் படல’ என்று எழுதலாம்; ‘இதுகூடத் தெரியாதா?’ என்று எழுதக் கூடாது. இரண்டு வாக்கியங்களையும் அப்படியே விதித் தாளில் எழுதி வைத்தால் போதும், விளக்கம் தேவையில்லை.

தவறான விடைக்குச் சிரிப்பு எமோஜி போடுவதில்லை என்பது தனி விதியாகவே இருக்கட்டும். கேட்காமல் யாரும் யாருடைய எழுத்துப்பிழையையும் திருத்த வேண்டாம். தமிழ், ஆங்கிலம், தங்கிலீஷ் எதிலும் எழுதலாம். வகுப்பில் இருப்பவர் முகத்தை வைத்து ஸ்டிக்கர் செய்வது கூடாது. ஆசிரியர் முகத்துக்கும் இது பொருந்தும்.

ஸ்கிரீன்ஷாட் விதியை மட்டும் கவனமாக எழுத வேண்டும். குழுவில் எழுதியது குழுவோடு இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், சீண்டப்பட்ட பிள்ளை சாட்சியைக் காட்ட முடியாமல் போய்விடும். எனவே, ‘ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ உதவி கேட்பதற்காக எடுக்கலாம், வேறு யாருக்கும் அனுப்பவோ ஸ்டேட்டஸில் வைக்கவோ கூடாது’ என்று முழுசாக எழுத வேண்டும்.

நேரமும் ஒரு விதிதான். இரவு எட்டரைக்கு மேல் குழுவில் பாடப் பேச்சு இல்லை என்று வைக்கலாம். பதில் போடாததற்கு யாரையும் கேள்வி கேட்பதில்லை. ஆசிரியர் ஒரு கேள்வியை இன்று போட்டால் விடைகளைப் பற்றிய பேச்சு நாளை மாலைதான் என்று இடைவெளி விடுவது, வீட்டில் ஒரே போன் உள்ளவருக்கும் வாய்ப்பைத் தரும். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று விநாடி காத்திருந்தாலே இன்னும் அதிகம் பேர், இன்னும் நீளமாகப் பதில் சொல்கிறார்கள் என்றும் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் காட்டினார். இணையத்தில் அந்த மூன்று விநாடி ஒரு நாளாக இருக்கலாம். தான் விடை எழுதி அனுப்பிய பிறகே பிறர் விடையைப் பார்க்க முடிகிற வசதி கூகுள் கிளாஸ்ரூமில் இருக்கிறது. முந்திக்கொண்டவரின் விடையைப் பார்த்து எழுதும் பழக்கத்தையும், தயங்குபவரின் பயத்தையும் அது ஒருசேரக் குறைக்கும்.

இவையெல்லாம் ஆசிரியரையும் கட்டுப்படுத்த வேண்டும். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இலேயே கைவிட்டது. ஆனால், வகுப்புக் குழுவில் நாற்பது பேரின் மதிப்பெண் பட்டியலும், கடைசி ஐந்து பெயருக்குச் சிவப்பு வட்டமும் இன்னும் வருகின்றன. ‘கீழ்க்கண்டோர் இன்னும் ஃபீஸ் கட்டவில்லை’ என்று பெயரோடு செய்தி வருகிறது. இதைப் பார்க்கும் மாணவர், இன்னொருவரின் குறையை எல்லோர் முன்னும் காட்டலாம் என்றுதான் கற்றுக்கொள்கிறார். அந்த ஸ்கிரீன்ஷாட் பையனுக்கு அறிவுரை சொல்லும் முன்பு பள்ளி இந்தப் பட்டியலை நிறுத்த வேண்டும்.

மீறியவரை என்ன செய்வது?

குழுவைவிட்டு நீக்குவதுதான் உடனே கை போகும் இடம். அதைச் செய்யக் கூடாது. வீட்டுப்பாடமும் தேர்வுத் தேதியும் அதே குழுவில் வரும்போது, நீக்குவது என்பது பாடத்தை மறுப்பதாகிவிடும். முதல் முறை, ஆசிரியர் அந்தச் செய்தியை அழித்துவிட்டு மாணவரிடம் தனியாகப் பேசலாம். அட்மின் யாருடைய செய்தியையும் எல்லோருக்குமாக அழிக்கும் வசதி வாட்ஸ்அப்பில் இருக்கிறது. மறுநாள் வகுப்பில் முகத்துக்கு முகம் பேசுவது இன்னும் நல்லது. காயப்பட்டவர் விரும்பினால் மன்னிப்பு வரட்டும். அவமானம் எங்கே நடந்ததோ, மன்னிப்பும் அங்கேயே, அதே குழுவில். காயப்பட்டவர் வேண்டாம் என்றால் அவரை இழுத்துவந்து ‘கைகொடுத்துக்கோங்க’ என்று சமாதானக் காட்சி நடத்த வேண்டாம்.

பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்களையும் விட்டுவிடக் கூடாது, தண்டிப்பதற்காகச் சொல்லவில்லை. பின்லாந்தில் 2009இல் நாடளவில் பள்ளிகளுக்குப் போன ‘கிவா’ என்ற திட்டம், சீண்டுகிறவரையும் சீண்டப்படுகிறவரையும் தாண்டி, சுற்றி நிற்கும் மாணவர்களிடம் அதிகக் கவனம் செலுத்துகிறது. துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான திட்டம் அது. கூட்டம் சிரிக்காவிட்டால் சீண்டுகிறவருக்குச் சுவாரசியம் போய்விடும் என்பதே அதன் அடிப்படை. இங்கேயும் அந்த இயற்பியல் கேள்விக்குத் திரும்பிப் போகலாம். முதல் சிரிப்பு எமோஜிக்குப் பிறகு யாராவது ஒருவர், ‘முதல் ரெண்டு வரி கரெக்ட். விசைக்குப் பதிலா நிலைமம்னு போட்டா சரியாயிடும்’ என்று எழுதியிருந்தால் அந்த இரவு வேறு மாதிரி போயிருக்கும். இப்படியொரு வரி எழுதப் பழக்குவதும் பாடம்தான்.

முதல் வாரத்தில் செய்யலாம்

பள்ளி திறந்த முதல் வாரத்தில் வகுப்பாசிரியர் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். மாணவர்கள் பெயர் போடாத துண்டுச் சீட்டில், குழுவில் தங்களுக்குப் பிடிக்காத ஒரு விஷயத்தை எழுதித் தரட்டும். அந்தச் சீட்டுகளிலிருந்தே ஏழெட்டு விதி கிடைத்துவிடும். அதற்கு மேல் போனால் யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். தமிழில், அவர்கள் பேசும் வார்த்தையில் எழுதிச் சுவரில் ஒட்டி, குழுவின் விவரப் பகுதியிலும் போட்டுவிடலாம். ஆசிரியர் ஒருவரே இரவெல்லாம் கண்விழித்திருக்க வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒரு மாணவர், ஒரு மாணவி எனச் சுழற்சி முறையில் நடுவர்களாக இருக்கட்டும். அவர்களுக்குச் செய்தியை அழிக்கும் அதிகாரம் வேண்டாம், ‘இது நம்ம விதியில இல்ல’ என்று சொல்லும் உரிமை போதும். சண்டை முற்றினால் குழுவைப் பூட்டலாம், ஆனால் மறுநாள் காலை திறந்துவிட வேண்டும்.

பள்ளிக் கல்வித் துறையும் ஒன்று செய்யலாம். ஆசிரியர் பயிற்சிகளில் இதற்கு அரை நாள் ஒதுக்கி, அட்மின் பொறுப்பு என்ன, போக்சோ புகார் கடமை என்ன, எந்தச் செய்தியைத் தனியாகப் பேசித் தீர்க்கலாம், எதைத் தீர்க்கக் கூடாது என்பதை உதாரணங்களோடு சொல்லித்தர வேண்டும். பள்ளிக் கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்றங்களுக்கான 1930 ஆகிய மூன்றும் ஒவ்வொரு வகுப்புக் குழுவின் விவரப் பகுதியிலும் இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், ஒரே நாளில் முடிகிற வேலை. பெற்றோர் தங்கள் பங்குக்கு, பிள்ளையின் போனைப் பறிப்பதற்கு முன் ‘குழுவுல என்ன நடந்துச்சு?’ என்று கேட்கலாம். போன் போய்விடும் என்ற பயத்திலேயே பல பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை.

காலாண்டுத் தேர்வு முடிந்து வரும் வாரத்தில் அந்த விதித் தாளைச் சுவரிலிருந்து எடுத்து, எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று வகுப்பையே கேட்டுத் திருத்தலாம். அப்போது ஆசிரியர் முதலில் கேட்க வேண்டியது, அந்த மூன்று மாதமும் குழுவில் ஒரு வரிகூட எழுதாத பிள்ளைகளை.